நடக்கும்போது நாடி பார்ப்பதில் நேரும் தவறுகள்

பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவானாலும் திருவொற்றியூர் கடலோரமானாலும் வழக்கம் ஒன்றுதான். வேகமாக நடந்து முடித்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அப்புறம்தான் மணிக்கட்டைப் பிடிக்கிறோம். நின்ற முதல் நிமிடத்திலேயே துடிப்பு மளமளவென்று இறங்கிவிடும். நீங்கள் எண்ணுவது ஓய்வெடுத்த இதயத்தை. அந்தக் குறைந்த எண்ணை நம்பி மறுநாள் இன்னும் வேகமாக நடப்பதுதான் ஆபத்து. நின்றவுடனே எண்ணுங்கள், 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்கினால் போதும். துடிப்பு ஒழுங்கில்லாமல், விட்டுவிட்டு வந்தால் மட்டும் முழு நிமிடம் எண்ணி டாக்டரிடம் சொல்லுங்கள்.

கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே நாடி உண்டு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வையுங்கள். கழுத்தை அழுத்திப் பார்ப்பது, அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்துவது, கூடவே கூடாது. துடிப்பு சட்டென்று குறைந்து தலைசுற்றும். வயதானவர்கள் மயங்கியே விழலாம்.

துடிப்பைக் காட்டும் ஸ்மார்ட் கைக்கடிகாரம் கட்டியிருப்பவர்களுக்கு வேறு சிக்கல். அது தளர்வாக இருந்தால் சில சமயம் இதயத் துடிப்பை விட்டுவிட்டு உங்கள் காலடியை எண்ணும். வேக நடையில் நிமிடத்துக்கு 100, 120 அடி வைப்போம். துடிப்பும் அந்த அளவில்தான் இருக்கும் என்பதால் தவறு கண்ணில் படாது. மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டுங்கள். அவ்வப்போது நின்று கையாலும் எண்ணி ஒப்பிடுங்கள்.

இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கலாம் என்று பார்க்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு எல்லோருக்கும் தெரியும். 60 வயதுக்கு 160. அதில் 50 முதல் 70 சதவீதம், அதாவது 80 முதல் 112 வரை, மிதமான நடைக்கு. இது தோராயக் கணக்கு மட்டுமே. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது. அந்த மாத்திரைகளின் வேலையே துடிப்பைக் குறைப்பதுதான். எண் ஏறவில்லையே என்று அவர்கள் வேகத்தைக் கூட்டினால் உடம்புதான் திணறும். எந்த அளவு சரி என்று மாத்திரை எழுதித் தந்த டாக்டரிடமே கேளுங்கள். அதுவரை பேச்சை வைத்துப் பாருங்கள்: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அந்த வேகம் சரி.

மே மாதப் புழுக்கத்தில் அதே தூரத்துக்கே துடிப்பு கூடும். அன்று வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு இறுக்கம், கையிலோ தாடையிலோ பரவும் வலி, மூச்சுத்திணறல் வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.