எந்தக் கேமரா வாங்கலாம்: சோனி ஏ6400-ஆ, கேனான் ஆர்50-ஆ?

இரண்டிலும் 24 மெகாபிக்சல்தான், இரண்டிலும் கேமரா பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) கிடையாது, அதனால் அதை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வீடியோதான் அதிகம் என்றால் ஆர்50: நொடிக்கு 30 ஃபிரேமில் 4கே எடுத்தாலும் ஓரம் வெட்டுப்படாது, ஏ6400-இல் அதே வேகத்தில் காட்சி கொஞ்சம் குறுகிவிடும், போதாததற்கு அதன் திரை மேல்நோக்கி மடங்குவதால் மேலே மைக் மாட்டினால் மறைத்துவிடும் (எரிச்சல்!).

லென்ஸா? அங்கே சோனிதான். ஈ மவுன்ட்டுக்கு (சோனி கேமராவில் லென்ஸ் மாட்டும் அமைப்பு) சிக்மா, டாம்ரான் என்று மற்ற கம்பெனி லென்ஸ்களும் பல வருடமாகக் குவிந்து கிடக்கிறது, செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கும். கேனான் பக்கம் சிக்மாவின் 18-50 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் வந்ததே 2024-இல்தான். என்னைக் கேட்டால், பாடி விலையோடு அடுத்து வாங்கப்போகும் லென்ஸின் விலையையும் கூட்டிப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போய் இரண்டையும் கையில் பிடித்துப் பாருங்கள்.