முதல் பிரசவம் ஆபரேஷன். இப்போது வலி வரவைக்கலாமா? மலையில் இருப்பவர்களுக்கு

டியூ டேட் தாண்டியும் வலி வரவில்லை, "அட்மிட் ஆயிடுங்க, வலிக்கு வைக்கிறோம்" என்று சொன்ன அன்றைக்குத்தான் பல வீடுகளில் யோசனையே தொடங்குகிறது. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு அது ரொம்பத் தாமதம். 36-வது வாரத்திலேயே டாக்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

முதல் வேலை, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுப்பது. ஊட்டி, குன்னூர் ஈரத்தில் பீரோவுக்குள் இருக்கும் காகிதமும் பூஞ்சை பிடித்துவிடும். எழுத்து மங்குவதற்குள் போனில் படம் எடுத்து வையுங்கள். 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று இருந்தால், பெரும்பாலும் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 'கிளாசிக்கல்' (கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நீளவாக்கில் வெட்டியது) என்றோ, வெட்டு 'டி' வடிவத்தில் மேலே நீண்டது என்றோ எழுதியிருந்தால் வலி வரவைக்கும் பேச்சுக்கே இடமில்லை. தானாக வலி வருவதற்கு முன்பே ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள். வயிற்றில் தெரியும் தழும்பை வைத்து இதைச் சொல்ல முடியாது. தோலில் குறுக்குக் கோடு இருந்தாலும் உள்ளே வெட்டு வேறு மாதிரி இருக்கலாம். கடைசி ஸ்கேனில் நஞ்சு (நஞ்சுக்கொடி) எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். அது கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மறைத்திருந்தால் ஆபரேஷன்தான்.

அடுத்தது கணக்கு. ஒரு முறை கீழ்ப்பகுதி சிசேரியன் ஆனவருக்கு வலி தானாக வந்தால், கர்ப்பப்பையில் போட்ட பழைய தையல் பிரியும் ஆபத்து சுமார் 200 பேரில் ஒருவருக்கு. மருந்து கொடுத்து வலி வரவைத்தால் அது இரண்டு, மூன்று மடங்காகும். நார்மல் முயற்சி செய்பவர்களில் 100-க்கு 72 முதல் 75 பேருக்கு நார்மலாகவே முடிகிறது. முன்பே ஒரு நார்மல் டெலிவரியும் ஆனவருக்கு 85-க்கு மேல். ஆனால் வலி வரவைத்தால் கடைசியில் ஆபரேஷனில் முடியும் வாய்ப்பு கூடும். இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் ஒன்றரை வருடம்கூட இல்லையென்றால் தையல் பிரியும் ஆபத்து இன்னும் அதிகம். மறுபடி ஆபரேஷன் செய்வதும் சும்மா இல்லை: ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது. மூன்றாவது குழந்தை வேண்டும் என்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதற்காக வலி வரவைக்கிறார்கள் என்று கேளுங்கள். பி.பி., சர்க்கரை, பனிக்குடம் உடைந்தும் வலி வராதது, 41 வாரம் தாண்டியது எல்லாம் நியாயமான காரணங்கள். நல்ல நட்சத்திரம் காரணமே இல்லை. அவசரம் இல்லையென்றால் குழந்தையின் அசைவையும் துடிப்பையும் பார்த்துக்கொண்டு 41 வாரம் வரை காத்திருக்கலாம், அல்லது 39 வாரம் முடிந்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியமான கேள்வி, எதை வைத்து வலி வரவைக்கிறார்கள் என்பது. மிசோப்ரோஸ்டால் மாத்திரை, பழைய தையல் உள்ளவருக்கு நிறைமாதத்தில் கூடவே கூடாது. அது கர்ப்பப்பையை விடாமல் இறுக்கி தழும்பிலேயே பிளக்க வைக்கும். கர்ப்பப்பை வாயில் வைக்கும் ஜெல்லிலும் ஆபத்து அதிகம். பலூன் அவற்றைவிடப் பாதுகாப்பு: சிறுநீருக்குப் போடும் அதே ஃபோலி டியூபைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, நுனியில் 30 முதல் 60 மி.லி. தண்ணீர் ஏற்றுவார்கள். வாய் சுமார் மூன்று, நான்கு செ.மீ. திறந்ததும் அது தானாக நழுவி வெளியே வரும். மருந்து எதுவும் இல்லாததால் இறுக்கம் கட்டுக்குள் இருக்கும். பிறகு பனிக்குடத்தை உடைத்து, தேவைப்பட்டால் வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். பத்து நிமிடத்துக்கு மூன்று, நான்கு வலி போதும். அதற்கு மேல் போனால் ட்ரிப்ஸைக் குறைக்கச் சொல்லுங்கள். வலி வந்தபின் குழந்தையின் துடிப்பைக் காட்டும் சி.டி.ஜி. இடைவிடாமல் ஓட வேண்டும். வாய் இன்னும் கெட்டியாக, மூடியே இருந்தால் எந்த வழியிலும் இழுத்தடிக்கும். இதை முதல் பரிசோதனையிலேயே கேட்டுவிடலாம்.

இனி மலைக் கணக்கு. தையல் பிரிந்தால் நிமிடக்கணக்கில் வயிற்றைத் திறக்க வேண்டும். ஆகவே ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் மூன்றும் இரவு இரண்டு மணிக்கும் அதே கட்டிடத்தில் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். "கூப்பிட்டா வருவாங்க" என்றால், எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில்? நெகட்டிவ் ரத்தப் பிரிவானால் ஒரு வாரம் முன்பே ரத்தத்துக்குச் சொல்லி வையுங்கள். இவை இல்லாத இடத்தில் வலி வரவைக்கவே கூடாது. பாதியில் கோவைக்கு அனுப்பினால், பதினான்கு கொண்டை ஊசி வளைவும் இறங்கி மேட்டுப்பாளையம் சேர்வதற்குள்ளேயே நேரம் போய்விடும். ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் பாறை விழுந்தால் அந்த வழியும் இல்லை. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஆனி, ஆடி மழையும் நடுவட்டம் ஏற்றமும் தடை. 37 வாரம் ஆனதும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. அப்படி யாரும் இல்லையென்றால் பிரசவத்துக்குக் காத்திருப்போர் தங்க இடம் உண்டா என்று கிராம செவிலியரிடம் கேளுங்கள். பலூன் வைத்துவிட்டு "வீட்டுக்குப் போய் நாளை வாங்க" என்றால் சம்மதிக்காதீர்கள்.

கூட இருப்பவர் கவனிக்க வேண்டியது: வலிக்கும் வலிக்கும் நடுவிலும் விடாமல் தழும்புப் பக்கம் வலிப்பது, நன்றாக வந்த வலி திடீரென்று நின்றுபோவது, ரத்தப்போக்கு, சிறுநீரில் சிவப்பு, தோள்பட்டை வலி, மயக்கம், துடிப்பு இறங்குவது. இவற்றில் முதலில் தெரிவது பெரும்பாலும் குழந்தையின் துடிப்பு இறங்குவதுதான், அதனால் "கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்று உட்காரக் கூடாது. நர்ஸை உடனே கூப்பிடுங்கள்.

ஒப்புதல் தாளில் கையெழுத்துக்கு முன், எந்த முறை, எத்தனை மணி நேரம் பார்ப்பார்கள், முன்னேறாவிட்டால் என்ன என்று எழுதச் சொல்லுங்கள். பலூன் வைத்த பிறகும் மனம் மாறி ஆபரேஷன் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.