ஆடி முடித்தவர் பயிற்சி கொடுக்க வருவதற்கு

மன்னார்குடி பக்கம் பதினோரு வருஷம் கால்பந்தில் ஸ்டாப்பர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரராக ஆடினேன். முழங்கால் போன பிறகுதான் பயிற்சிப் பக்கம் வந்தேன். நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். ஆடும்போதே ஒரு நோட்டு வையுங்கள். கோல் வாங்குவதற்குப் பத்து விநாடி முன்னால் யார் எங்கே நின்றார்கள் என்று ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் வரைந்து பாருங்கள். எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த நோட்டுதான்.

அப்புறம் பயிற்சியாளர் உரிமம். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் டி உரிமம், பிறகு சி, பி, ஏ, ப்ரோ என்று போகும். பெரிய ஆட்டக்காரராக இருந்தால்தான் முடியும் என்று நினைக்காதீர்கள். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

சிறுவர்களை எங்கே ஆட வைப்பது? சம்பா அறுத்த வயல் வேண்டவே வேண்டாம். களிமண் காய்ந்து வெடித்திருக்கும், அரிதாள் குத்தும், கணுக்கால் பிசகிவிடும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரை ஓட்டப் பயிற்சிக்கு ஆற்று மணல் போதும். பந்துக்குப் பள்ளி மைதானம்தான். பத்து வயதுப் பிள்ளைகளைப் பதினொன்றுக்குப் பதினொன்று நிறுத்தாதீர்கள், பாதிப் பேர் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போவார்கள். நாலுக்கு நாலு, சின்னக் கோல், கோல்கீப்பர் இல்லாமல். இடையில் நிறுத்தி, "ஏன்டா தம்பி, அங்க பாஸ் கொடுத்தே?" என்று கேளுங்கள். திட்டாமல் கேட்டால் பையன் நிஜக் காரணத்தைச் சொல்வான். மறுநாள் பயிற்சியை அதிலிருந்து போடலாம்.