தொட்டாலே நிறம் தெரியும்: புடவைக்கும் ஜாக்கெட்டுக்கும் முடிச்சு அடையாளம் தைப்பது எப்படி?

பட்டா, காட்டனா என்பதைப் பார்வையில்லாதவர் தடவியே சொல்லிவிடுவார். ஒரே ரகத்தில் நாலு ஜாக்கெட் இருந்தால்தான் சிக்கல்: எந்தப் புடவைக்கு எது? புடவையிலும் ஜாக்கெட்டிலும் ஒரே அடையாளத்தைத் தைத்துவிட்டால் கையே ஜோடி சேர்த்துவிடும்.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உடுத்துபவர் பிரெய்ல் (ஆறு புள்ளிகளை வைத்து, விரலால் தடவிப் படிக்கும் எழுத்து) படிப்பாரா? பெரியவரான பிறகு பார்வை இழந்தவர்களில் பலர் படிப்பதில்லை. சர்க்கரை நோயால் பார்வை போனவருக்கு விரல் நுனியிலும் உணர்ச்சி மங்கியிருக்கலாம். அவர்களுக்கு எழுத்து வேண்டாம். வட்டம், சதுரம் என்று தட்டையான பொத்தான்களே போதும்.

தேவை: 15 மி.மீ. அகலக் காட்டன் டேப், ஜோடிக்கு 4 செ.மீ. துண்டு இரண்டு, ஆறு இழை எம்பிராய்டரி நூல், எம்பிராய்டரி ஊசி, மெல்லிய கேன்வாஸ். புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும். கறுப்பு டேப்பில் வெள்ளை நூல் எடுங்கள். கொஞ்சம் பார்வை மிச்சமிருப்பவருக்கு அதுவும் உதவும்.

1. டேப்பை வெந்நீரில் நனைத்துக் காயவையுங்கள். பிறகு சுருங்கினால் புள்ளிகள் நெருங்கிவிடும். பின்பக்கம் கேன்வாஸ் வைத்து ஓரத்தைத் தைத்துக்கொள்ளுங்கள்.

2. டேப்பை நெட்டுவாக்கில் வைத்துப் புள்ளி குறியுங்கள். இடது வரிசை மேலிருந்து கீழாக 1, 2, 3. வலது வரிசை 4, 5, 6. காகித பிரெய்லில் புள்ளிகளுக்கு இடையே சுமார் 2.5 மி.மீ. தான். நூல் முடிச்சு அதைவிடப் பருமன், ஆகவே 4 மி.மீ. விடுங்கள்.

பாரதி பிரெய்லில் (இந்திய மொழிகளுக்கான பிரெய்ல்) நிறத்தின் முதலெழுத்து மட்டும் போதும். அடைப்புக்குறியில் இருப்பவை முடிச்சு வரவேண்டிய புள்ளிகள். கறுப்புக்கு க (1, 3), சிவப்புக்கு ச (1, 4), மஞ்சளுக்கு ம (1, 3, 4), நீலத்துக்கு ந (1, 3, 4, 5), பச்சைக்கு ப (1, 2, 3, 4), வெள்ளைக்கு வ (1, 2, 3, 6). நல்ல வேளை, எதுவும் மோதவில்லை.

3. 3, 6 புள்ளிகள் வரும் இடத்துக்கு 6 மி.மீ. கீழே ஓர் அடிக்கோடு தையுங்கள். இதை விட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்கிற பெரிய தவறு. தனி எழுத்துக்குத் தலை எது, கால் எது என்று விரலுக்குத் தெரியாது. 'ப'வைத் தலைகீழாகத் தொட்டால் 'ண' ஆகிவிடும். நீலத்தில் இரண்டு ஜோடி இருந்தால் இரண்டாவதற்கு இரட்டைக் கோடு.

4. இனி ஒவ்வொரு புள்ளியிலும் பிரெஞ்ச் நாட் (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் முடிச்சு). மூன்று இழை, ஊசியில் இரண்டு சுற்று. நூலை இழுத்துப் பிடித்தபடி, வெளியே வந்த ஓட்டைக்கு டேப்பின் ஓரிரு இழை தள்ளி ஊசியை இறக்குங்கள். அதே ஓட்டையில் இறக்கினால் முடிச்சு பின்பக்கம் நழுவிப்போகும். மூன்று சுற்று சுற்றினால் சாய்ந்து பக்கத்துப் புள்ளியோடு ஒட்டும்.

5. புடவையில் எது கீழ் என்பதை ஃபால்ஸே சொல்லிவிடும். அதனால் உள்முனையில் ஃபால்ஸ் தொடங்கும் இடத்தில் தையுங்கள். இடுப்பில் செருகும் மேல் மூலை வேண்டாம், அழுத்தும். ஜாக்கெட்டில், பிறகு பிரிக்கலாம் என்று டெய்லர் பக்கத் தையலில் விட்டிருக்கும் துணியில் வையுங்கள். முடிச்சு ஜாக்கெட்டைப் பார்க்கட்டும், தோலை அல்ல. வியர்வையில் உரசினால் அரிக்கும்.

6. மூன்று ஜோடியைக் கலந்து கொடுத்து, உடுத்துபவரையே சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது சோதனை ஆகாது. எங்கே என்ன தைத்தோம் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே. இரண்டு முறை துவைத்தபின் மறுபடி சோதியுங்கள்.

கல்லில் அடித்துத் துவைத்தால் முடிச்சு நசுங்கும். இஸ்திரி போடும்போது தடித்த துண்டின் மேல் முடிச்சைக் கவிழ்த்துப் பின்பக்கம் தேய்க்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் கொக்கியையும் ஒரு பார்வை பாருங்கள்: கடலூர், புதுச்சேரி உப்புக் காற்றில் இரும்புக் கொக்கி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருக்கறை அவர் கைக்குத் தெரியாது. பித்தளைக் கொக்கியாக மாற்றிவிடுங்கள்.