பண்ணைப் பாலத்தில் ஆடாத கரவன்
நீளமான கரவனை, அதாவது இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியை, பிக்கப்பில் கட்டி இழுக்கப் போகிறீர்களா? வாகனக் கையேட்டில் இழுவை எல்லையைப் பாருங்கள். எனக்குப் பாடம் கற்பித்தது பாரம்தான். கரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பிக்கப்பின் இழுவைக் கொக்கியில் அமர வேண்டும். 2,000 கிலோ என்றால் 200க்குக் குறையக் கூடாது. நான் ஒருமுறை தண்ணீர்க் கான்களைக் கரவனின் பின்பக்கம் அடுக்கிவிட்டேன்; கொக்கியில் பாரம் குறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் பக்கக் காற்று அடித்ததும், வாலறுந்த பட்டம் மாதிரி கரவன் ஆடியது. பிரேக்கை மிதிக்கவில்லை, அக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தேன். ஆட்டம் அடங்கியது. மண்டைதீவுச் சந்தியில் நிறுத்தி, கான்களை அச்சுக்கு முன்னால் மாற்றினேன்.

சரி, கண்ணாடி, லைட், சில்லுக் காற்று எல்லாம் வழக்கம்போல. பாதுகாப்புச் சங்கிலிகளை மட்டும் கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றாலும் கரவனின் மூக்கு அவற்றில் தங்கும், தார் ரோட்டில் குத்தாது.