பெரிய டயர் போட்ட ஜீப்புக்கு எந்த கிரவுன் பினியன்? டெல்டா சேற்றுக்கான கணக்கு

பெரிய டயர் போட்டதும் வண்டி முன்பு போல இழுக்கவில்லை என்றால் இன்ஜினைக் குறை சொல்ல வேண்டியதில்லை. டயரின் விட்டம் 14 சதவீதம் கூடினால் தரையில் கிடைக்கும் இழுவிசை ஏறக்குறைய 12 சதவீதம் குறையும். டயரின் எடையும் ஏறியிருக்கும் என்பதால், நிற்கும் வண்டியைக் கிளப்புவது அதைவிடவும் சிரமம். விட்டதைத் திரும்பப் பிடிக்கும் இடம் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன். ஷாப்டின் முனையில் உள்ள சிறு பல்சக்கரம் பினியன், அது சுற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். கிரவுன் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே ரேஷியோ.

டெல்டாவில் மலை ஏற்றம் கிடையாது. அதனால் ரேஷியோ மாற்றுவது தேவையில்லாத செலவு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஏற்றம் கேட்கும் அதே சக்தியைச் சேறும் கேட்கும். மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த பிறகும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும், வயலோரக் கரைப்பாதையில் பத்து மூட்டை நெல்லோடு வண்டியைக் கிளப்பிப் பாருங்கள். மூட்டைக்கு 40 கிலோ என்றால் பின்னால் 400 கிலோ. களிமண் டயரைப் பிடித்து நிறுத்தும், இன்ஜின் திணறும், ஓட்டுபவர் கிளட்சைப் பாதி மிதித்தே ஓட்டுவார். இப்படி ஒரே போகத்தில் கிளட்ச் பிளேட் கருகிவிடலாம். லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர்) இருக்கிறதே என்றால், கரைப்பாதையில் ஒரு நாளைக்கு இருபது முறை நிறுத்தி எடுக்கும் வேலையில் யாரும் ஒவ்வொரு முறையும் லோ ரேஞ்ச் போடுவதில்லை. அந்த இருபது முறைதான் கிளட்சைத் தின்கிறது.

முதலில் டயரை முடிவு செய்யுங்கள்

டயரை முடிவு செய்யாமல் கிரவுன் பினியன் வாங்கக் கூடாது. நம் மண்ணுக்கு அகலமான டயரைவிட உயரமான, ஒடுக்கமான டயர் பொருத்தம். தொளி அடித்த வயலில் மேல் சேற்றுக்குக் கீழே உழவு இறுக்கிய கெட்டித் தளம் ஒன்று இருக்கும். ஒடுங்கிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு போய் அந்தத் தளத்தைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே மிதந்து, பட்டன்களுக்கு நடுவே களி அடைத்து, வழுக்கும். கொள்ளிடத்து மணலில் நிலைமை நேர் எதிர். அங்கே அகலமும் குறைந்த காற்றும்தான் வண்டியைக் காப்பாற்றும். உங்கள் வண்டி வருடத்தில் அதிக நாள் எங்கே ஓடுகிறதோ அதை வைத்துத் தீர்மானியுங்கள்.

விட்டத்தை டயர் பக்கவாட்டில் இருக்கும் எழுத்திலிருந்தே கணக்கிடலாம். 235/70 ஆர் 16 என்றால் 235-ஐ 0.70 ஆல் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, ரிம்மின் 406 மில்லிமீட்டரைக் கூட்டுங்கள்: 735 மி.மீ. 245/75 ஆர் 16 என்றால் 774. 265/75 ஆர் 16 என்றால் 804. 33 அங்குல டயர் 838. பழைய அளவுகளில் 7.00-16 சுமார் 775, 7.50-16 சுமார் 805.

இதெல்லாம் காகிதக் கணக்கு. வண்டியின் எடை டயரை அமுக்கும்போது நிஜ அளவு சற்றுக் குறையும். முடிந்தால் சுமை ஏற்றி, வழக்கமான காற்றழுத்தத்தில், சமமான தார் ரோட்டில் டயரின் அடியில் சாக்பீஸ் கோடு போட்டு, ஐந்து சுற்று உருட்டி, டேப்பால் அளந்து, ஐந்தால் வகுங்கள். பழைய டயரையும் அதே முறையில் அளந்தால்தான் ஒப்பீடு சரியாக வரும். ஒன்றைக் காகிதத்திலும் மற்றொன்றை ரோட்டிலும் அளப்பது தப்புக் கணக்கில் முடியும்.

இப்போது உள்ள ரேஷியோ என்ன?

வண்டியின் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். பழைய ஜீப்புகளில் ஆக்சில் கை மாறி, ஊர் மாறி வந்திருக்கும். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, தரையில் நிற்கும் மற்றொன்றுக்கும் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுதலை. ஜாயின்ட் ஷாப்டில் (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டு) ஒரு சாக்பீஸ் கோடு. தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் காரணமாக கிரவுன் 10 சுற்றுதான் சுற்றும். ஷாப்ட் 41 சுற்று சுற்றினால் ரேஷியோ 4.10. ஏறக்குறைய 54 சுற்று என்றால் 5.38. ஒரு சக்கரம் மட்டும் தனியே சுழல்வதைத் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியல் என்றால் இரு பின்சக்கரங்களையும் தூக்கி 10 சுற்று சுற்றினால் போதும்.

கணக்கு

வேண்டிய ரேஷியோ = பழைய ரேஷியோ × புது விட்டம் ÷ பழைய விட்டம்.

4.10 ரேஷியோவும் 735 மி.மீ. டயரும் உள்ள வண்டியில் 804 டயர் போட்டால் 4.49 வேண்டும். கிடைப்பதில் அருகில் இருப்பது 4.56. எடுத்துக்கொள்ளுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. 838 டயர் போட்டால் 4.67 வரும். இது 4.56-க்கும் 4.88-க்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இங்கேதான் ஓட்டும் இடம் பேச வேண்டும்.

இன்ஜின் சுற்றையும் பாருங்கள். நிமிடச் சுற்று = 5.305 × வேகம் (கி.மீ.) × ஆக்சில் ரேஷியோ × டாப் கியர் ரேஷியோ ÷ டயர் விட்டம் (மீட்டரில்). டாப் கியர் 0.80 என்று வைத்துக்கொண்டால், 80 கி.மீ. வேகத்தில்:

பழைய டயர், 4.10: சுமார் 1,895
838 டயர், 4.10: சுமார் 1,660
838 டயர், 4.56: சுமார் 1,850
838 டயர், 4.88: சுமார் 1,980

இரண்டாவது வரிதான் ஆபத்தானது. 1,660 சுற்றில் டீசல் சிக்கனமாக ஓடும் என்று தோன்றும். டர்போ சரியாக எழாத இடத்தில் இன்ஜினை வருத்தி ஓட்டுவதால் டீசலும் கூடும், கிளட்சும் தேயும். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் ரோட்டிலேயே அதிகம் ஓடி, எப்போதாவது வயலுக்குள் இறங்கும் வண்டிக்கு 4.56 போதும். வாரத்தில் நான்கு நாள் கரையிலும் சேற்றிலும் சுமையோடு போகும் வண்டிக்கு 4.88 போடுங்கள். 80-ல் கூடுதலாக வரும் 130 சுற்றை இந்தச் சமவெளி ரோட்டில் கவனிக்கவே மாட்டீர்கள். நிற்கும் வண்டியைக் களியிலிருந்து எடுக்கும்போது அதன் பலன் தெரியும். நடுவில் மாட்டும்போது மேலே உள்ள எண்ணை எடுப்பதே எங்கள் பரிந்துரை.

எல்லோருக்கும் மாற்றம் தேவையில்லை. 5.38 ஆக்சிலும் ஓவர்டிரைவ் இல்லாத நான்கு கியர் பெட்டியும் உள்ள பழைய ஜீப்பில் டாப் கியர் 1.00. 730 மி.மீ. உள்ள 6.00-16 டயரோடு 80-ல் அந்த இன்ஜின் 3,100-க்கு மேல் கத்திக்கொண்டிருக்கும். 7.00-16 போட்டால் 2,950-க்கு அருகில் இறங்கும். ரேஷியோ 5.07 இருந்தால் எப்படியோ அப்படி நடந்துகொள்ளும், அது இன்னும் நல்ல இழுவைதான். அந்த வண்டியின் ஆக்சிலைத் தொடாதீர்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருக்க வேண்டும். 4.88-உம் 4.89-உம் சேர்ந்து ஓடும், அது பல் எண்ணிக்கையின் சிறு வேறுபாடு: 39-க்கு 8, 44-க்கு 9. 4.56-உம் 4.88-உம் சேர்ந்தால் நான்கு சக்கர இழுவை போட்ட உடனே டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) இறுகி, ஏதாவது ஒன்று உடையும். பின்பக்கத்தை இப்போது, முன்பக்கத்தை அடுத்த வருடம் என்ற திட்டம் வேண்டாம். முன் ஆக்சிலுக்கு அந்த ரேஷியோ கிடைக்குமா என்று உறுதி செய்துவிட்டுப் பின்பக்கத்துக்குப் பணம் கட்டுங்கள்.

டானா 44 என்ற ஆக்சில் வகையின் ஹவுசிங்கில் 3.73 வரைக்கும் ஒரு கேரியர் (கிரவுனைத் தாங்கும் கூடு), 3.92 முதல் வேறு கேரியர். 3.73-லிருந்து 4.56-க்குப் போகிறவர் கேரியரையும், அல்லது தடித்த கிரவுனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரேஷியோ ஏற ஏற பினியன் தலை சிறுக்கும். 41-க்கு 10 பல் இருந்த இடத்தில் 43-க்கு 8 வரும்போது ஒவ்வொரு பல்லும் அதிகச் சுமை வாங்கும். சேற்றில் சுழலும் சக்கரம் திடீரென்று கெட்டித் தரையைப் பிடிக்கும் நொடியில்தான் பல் பறக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டு மெல்ல எடுக்கும் பழக்கம் இல்லாதவர் 5.38 பக்கம் போக வேண்டாம்.

ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர் பெட்டியிலிருந்தோ டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்தோ வந்தால், டயருக்கு ஏற்ற ரேஷியோ போட்டதும் வேகம் தானாகவே சரியாகிவிடும். சக்கர சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் புது வண்டியில் ஆக்சில் மாற்றம் அதைத் திருத்தாது. 14 சதவீதம் பெரிய டயரில் 60 காட்டும்போது நிஜத்தில் 68 போவீர்கள். பெரிய டயரில் பிரேக் தூரமும் கூடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, ஆர்.டி.ஓ.விலும் இன்சூரன்ஸிலும் முன்கூட்டியே கேளுங்கள்.

பொருத்தும்போது

பழைய பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். பினியன் பேரிங், கேரியர் பேரிங், ஆயில் சீல், பினியன் நட், கிரவுன் போல்ட் எல்லாம் புதிது. கிரஷ் ஸ்லீவ் (நசுங்கி பினியன் பேரிங்குக்கு இறுக்கம் தரும் குழாய்) உள்ள ஹவுசிங் என்றால் அதுவும் புதிது.

பினியன் ஆழம்தான் உயிர். பற்களில் மார்க்கிங் பேஸ்ட் தடவி, சற்றுத் தடை கொடுத்துச் சுற்றிப் பாருங்கள். பேஸ்டில் பதியும் அச்சு கிரவுன் பல்லின் மேல் விளிம்பில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, கிரவுனை நோக்கி நகர்த்துங்கள். பல்லின் அடியில் விழுந்தால் வெளியே எடுங்கள். ஷிம்மை (ஆழத்தை மாற்றும் மெல்லிய தகடு) முதலில் பெரிய படியில் மாற்றிப் பார்த்து, பிறகு 0.05 மி.மீ. படிக்கு இறங்குங்கள். டானா 44-ல் கிரவுன் பிளே (பற்களுக்கு நடுவே உள்ள தளர்வு) 0.13 முதல் 0.25 மி.மீ., டயல் கேஜில் குறைந்தது மூன்று இடத்தில் பாருங்கள். புது பேரிங்குக்குப் பினியனைச் சுற்றும் இறுக்கம் சுமார் 2.3 முதல் 4.5 நியூட்டன் மீட்டர். கிரவுனைப் போடுவதற்கு முன்பே அதை அளக்க வேண்டும். வேறு ஹவுசிங் என்றால் அதன் மேனுவல் எண்ணைப் பின்பற்றுங்கள். "கையால் ஆட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்று சொல்லும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அந்த வண்டி ஒரு மாதத்தில் ஊளையிடும்.

ஆக்சில் காற்று வாங்கும் பிரீதர் குழாயைத் தவறாமல் உயர்த்துங்கள். ஓடிச் சூடான ஆக்சில் வாய்க்கால் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, உள்ளே வெற்றிடம் உண்டாகும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் ஏறும். ஹோஸ் கட்டி இன்ஜின் பக்கம் மேலே கொண்டுபோங்கள். ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தால் அன்றே மாற்றுங்கள். வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு நிறம் மாறும் வரை காத்திருக்கவும் கூடாது.

ஜி.எல்.-5 தர 80டபிள்யூ-90 கியர் ஆயிலை, நிரப்பும் துவாரத்தின் விளிம்பு வரை ஊற்றுங்கள். முதல் நாள் 25, 30 கிலோமீட்டர் மிதமாக ஓட்டி, அரை மணி ஆறவிட்டு, இன்னும் இரண்டு முறை அப்படியே செய்யுங்கள். 800 கிலோமீட்டர் வரை மூட்டை ஏற்ற வேண்டாம், இழுவையும் வேண்டாம். அப்போது ஆயிலை வடித்து, வடிகால் போல்டின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். பசை போன்ற சாம்பல் நிற இரும்புத் தூள் புது பல் பழகியதன் அடையாளம். விரலில் உறுத்தும் துண்டு வந்தால் புது ஆயில் ஊற்றாமல் கவரைத் திறந்து, பற்களின் அச்சை மறுபடியும் எடுங்கள்.