சரளைப் படிமேட்டு மண்: கல்லுக்கும் கணக்கு உண்டு

திருவள்ளூர் மாவட்டம் பூண்டியைச் சுற்றிக் கொசஸ்தலையாற்றின் ஓரம் நடந்தால், ஆறு இன்று ஓடும் மட்டத்துக்கு மேலே வயலுக்கும் முள்காட்டுக்கும் நடுவில் சிவந்த சரளை மேடுகள் தெரியும். ஆறு ஒரு காலத்தில் போட்டுவைத்த படுகைகள் அவை. ஆறு கீழே அறுத்துக்கொண்டு இறங்கிவிட, படுகை மேலேயே நின்றுவிட்டது. இங்கே நான் படிமேடு என்பது இவற்றைத்தான்.

மண் அளவாய்வு படித்துவிட்டுப் புதிதாக வரும் பிள்ளைகளை இந்த மேட்டில் இறக்கிவிட்டால், எங்கள் தலைமுறை செய்த தவறுகளை அதே வரிசையில் செய்கிறார்கள். பையில் சீட்டு வைக்க மறப்பது, கல்லோடு சேர்த்து மண்ணைப் பிசைந்து நயம் (மணலும் களியும் கலந்திருக்கும் விகிதம்) பார்ப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை முதல் வாரத்திலேயே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். யாரும் திட்டாமல் அறிக்கை வரை போய்விடுகிற தவறுகள்தான் ஆபத்தானவை.

அதற்கு முன் ஓர் அடிப்படை. 2 மி.மீ. சல்லடையில் இறங்குவது நுண்மண், மேலே நிற்பது கல். 2 முதல் 75 மி.மீ. வரை சரளை. இந்தியாவில் மண் அளவாய்வுக்கு அமெரிக்க வகைப்பாட்டைத்தான் பின்பற்றுகிறோம். அதன்படி மண்ணின் கன அளவில் 15 முதல் 35 சதவீதம் வரை சரளை இருந்தால் நயத்தின் பெயருக்கு முன்னால் ‘சரளை’ என்று சேர்க்க வேண்டும். 35 முதல் 60 வரை மிகுசரளை, 60 முதல் 90 வரை அதிசரளை. கன அளவு என்ற சொல்லை நினைவில் வையுங்கள். பிறகு அதில்தான் வம்பு.

உருண்ட கல்லைக் கண்டதும் ‘ஆறு’ என்று எழுதுவது

கல் வழவழவென்று உருண்டிருந்தால் ஆறு உருட்டியதுதான், சந்தேகமில்லை. எந்த ஆறு, எப்போது என்பதே கேள்வி. கொசஸ்தலையாற்றுப் பக்கத்துக் குவார்ட்சைட் (மணற்கல் உருமாறி இறுகிய கெட்டிக் கல்) கற்களில் பெரும்பகுதி, அல்லிக்குழி மலை, சத்தியவேடு வட்டாரத்தில் கிடக்கும் கிரெட்டேசியஸ் காலக் கூட்டுப்பாறையிலிருந்து உதிர்ந்தவை. பத்துக் கோடி ஆண்டுக்கும் முந்தைய நீரோட்டங்களில் உருண்டு, பாறைக்குள் இறுகி, இப்போது மறுபடி வெளியே வருகின்றன. மலையடிச் சரிவில் வெறும் மழைநீர் இழுத்துவந்து போட்ட குவியலிலும் இதே உருண்டைக் கற்கள்தான் இருக்கும். அதைப் படிமேடு என்று வரைபடத்தில் குறித்தால் எல்லைக்கோடு முழுவதும் கோணலாகிவிடும்.

கல்லின் உருவத்தை நம்பாமல் அது கிடக்கும் விதத்தைப் பாருங்கள். ஓடும் நீர் தட்டையான கற்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, நீர் வரும் திசையை நோக்கிச் சரிவாக அடுக்கியிருக்கும். சரிவில் சறுக்கி வந்தவை கண்டபடி கிடக்கும். பெரிதும் சிறிதும் களிமண்ணும் கலந்தே இருக்கும். மேட்டின் மேல்தளம் ஆற்றின் போக்கோடு சேர்ந்து இறங்குகிறதா, மலையிலிருந்து ஆற்றை நோக்கி இறங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

மேலே கிடக்கும் கல்லை வைத்துப் பெயர் சூட்டுவது

நுண்மண் அரித்துப்போய் மிஞ்சிய கல் அது. குழி வெட்டாமல் பெயர் இல்லை.

கல்லை மறந்துவிட்டு மண்ணைப் பெருக்குவது

என்னை இன்றும் கடுப்பேற்றும் தவறு இது. காரணம், இதில் யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வோர் எண்ணும் சரியாக இருக்கும், பெருக்கி வந்த விடை மட்டும் தப்பாக இருக்கும்.

தவறு வயலிலேயே ஆரம்பிக்கிறது. மண் பரிசோதனைக்கு அரைக் கிலோ மண் எடுக்கச் சொல்லித்தருகிறோம். கல், வேர், குப்பையைப் பொறுக்கி எறியவும் சொல்லித்தருகிறோம். வண்டல் வயலுக்கு அது போதும். சரளை மேட்டில் எறிந்த கல்லோடு ஒரு தகவலும் போய்விடுகிறது. சோதனைக்கூடத்துக்குப் போவது நுண்மண் மட்டும். அங்கிருந்து வரும் தாளில் கல் என்ற சொல்லே இருக்காது. ஏக்கருக்கு எவ்வளவு, ஹெக்டேருக்கு எவ்வளவு என்று அதில் அச்சாகும் எண்கள், நிலம் முழுக்க நுண்மண்தான் என்ற நினைப்பில் கணக்கிடப்பட்டவை.

சாம்பல் சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சோதனைக்கூடம் அளக்கும். அதை 2.24 ஆல் பெருக்கி ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று எழுதும். 15 செ.மீ. ஆழத்து மண் ஒரு ஹெக்டேரில் 22.4 லட்சம் கிலோ என்பது அந்த 2.24க்குள் ஒளிந்திருக்கும் அனுமானம். 125 மில்லிகிராம் இருந்தால் 280 கிலோ என்று வரும். கன அளவில் 40 சதவீதம் கல் என்றால் அந்த நிலத்தில் நிஜமாக இருப்பது 168 கிலோ. மிச்சம் 112 கிலோ தாளில் மட்டும் இருக்கிறது.

தண்ணீரில் இது இன்னும் சுடும். சரளை மேட்டில் கத்திரி போட்டிருந்த ஒருவருக்கு வாரம் ஒருமுறை பாசனம் என்று யாரோ எழுதிக்கொடுத்திருந்தார்கள். “சொன்ன மாதிரிதான் சார் தண்ணி கட்டுறேன். அஞ்சாம் நாளே இலை தொங்குது. விதை சரியில்லையா?” என்று கேட்டார். விதையில் குற்றமில்லை. நடுத்தர நயமுள்ள நுண்மண் 60 செ.மீ. ஆழத்தில் பயிருக்கு ஏறக்குறைய 90 மி.மீ. தண்ணீர் வைத்திருக்கும். அதில் பாதி தீர்ந்ததும் அடுத்த பாசனம் என்றால் 45 மி.மீ. நாளுக்கு 6 மி.மீ. செலவானால் ஏழு நாள் தாங்கும். எழுதிக்கொடுத்தவர் கணக்கு இவ்வளவுதான். குழியில் 40 சதவீதம் குவார்ட்சைட். 45 என்பது 27 ஆகிவிடுகிறது, நாலரை நாளில் தீர்ந்துவிடுகிறது. அந்த மனிதர் ஒரு பருவம் முழுக்க விதைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் மிஞ்சியது கரிமக் கணக்கு. ஒரு கார்பன் திட்டத்துக்காக எழுதப்பட்ட அறிக்கை பார்வைக்கு வந்தது. கரிமம் 0.6 சதவீதம், மண் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.9 கிராம், ஆழம் 30 செ.மீ., ஆகவே ஹெக்டேருக்கு 34 டன் என்று எழுதியிருந்தார்கள். 1.9 என்ற அடர்த்தியைப் பார்த்ததுமே தூக்கிவாரிப்போட்டது. உழுது பயிர் செய்யும் நிலத்தின் நுண்மண் அவ்வளவு இறுகியிருந்தால் வேர் இறங்காது. கல்லோடு சேர்த்து எடைபோட்டிருக்கிறார்கள் என்பது அந்த ஓர் எண்ணிலேயே தெரிந்துவிட்டது. 2.65 அடர்த்தியுள்ள கல் 40 சதவீதம், 1.4 அடர்த்தியுள்ள நுண்மண் 60 சதவீதம் என்று சேர்த்துப் பாருங்கள், மிகச்சரியாக 1.9 வரும். 0.6 சதவீதம் என்பதோ கல் நீக்கிய நுண்மண்ணில் அளந்தது. கல்லின் எடையையும் கரிமம் உள்ள மண்ணாக்கிப் பெருக்கிவிட்டார்கள். நுண்மண் அடர்த்தி 1.4 ஐ எடுத்து, கல்லின் இடத்தையும் கழித்தால் 15 டன்தான் தேறும். பாதிக்கும் குறைவு. இதைச் சொன்னபோது, “சோதனைக்கூட அறிக்கை இருக்கிறதே சார்” என்றார்கள்.

சரி, கல்லை எடைபோட்டுக் கழித்துவிட்டால் தீர்ந்ததா? இல்லை. எடை சதவீதத்தை அப்படியே கன அளவு சதவீதமாக எழுதுவது இதன் இரண்டாம் பாகம். கல்லுக்குள் இடைவெளி இல்லை, மண்ணில் பாதி இடைவெளி. அதனால் எடையில் கல் எப்போதும் பெரிதாகத் தெரியும். மேலே சொன்ன அடர்த்திகளை வைத்தால், எடையில் 35 சதவீதம் கல் என்பது கன அளவில் 22 தான். எடையில் 70 என்பது 55. எடையில் 50 என்பது 34.6. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். வகைப்பாட்டில் 35 தான் கோடு. அதைத் தொட்டால் மண் குடும்பத்தின் பெயரில், கல் மிகுந்தது என்று சொல்லும் ‘ஸ்கெலட்டல்’ ஏறும், தொடாவிட்டால் ஏறாது. சல்லடையில் பாதிக்குப் பாதி கல் நின்றதைப் பார்த்துவிட்டு ‘லோமி-ஸ்கெலட்டல்’ என்று துணிந்து எழுதுபவர், மயிரிழையில் வேறொரு குடும்பத்துக்குள் போய்விடுகிறார்.

மாற்றும் முறை எளிது. கல்லின் எடையை 2.65 ஆல் வகுங்கள், நுண்மண்ணின் உலர் எடையை அதன் அடர்த்தியால் வகுங்கள். இரண்டையும் கூட்டி, அதில் கல்லின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். குழிச்சுவரில் கண்ணால் மதிப்பிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் மாதிரி போதாது. 20 மி.மீ. கல் வரை உள்ள மண்ணுக்கு ஒரு கிலோ போதும். 75 மி.மீ. வரை போனால் 60 கிலோ வேண்டும். அத்தனையையும் யாரும் மூட்டை கட்டிச் சோதனைக்கூடத்துக்குத் தூக்கமாட்டார்கள். பெரிய கல்லை வயலிலேயே சலித்து எடைபோட்டு, நோட்டில் எழுதிவிட்டு மீதியை மட்டும் கொண்டுவாருங்கள். இரும்பு உருளையைச் சுத்தியலால் அடித்து இறக்கி அடர்த்தி எடுக்கும் வேலை இந்த மேட்டில் நடக்காது. கல்லில் முட்டி உருளைதான் நசுங்கும். சின்னக் குழி தோண்டி, எடுத்த மண்ணை எடைபோட்டு, குழிக்குள் பிளாஸ்டிக் தாள் விரித்துத் தண்ணீர் ஊற்றிக் கொள்ளளவைப் பாருங்கள்.

ஒரு விலக்கு உண்டு. இந்தப் பகுதியில் குவார்ட்சைட்டோடு செம்பூரான்கல் உருண்டைகளும் கலந்திருக்கும். அவற்றில் நுண்துளை உண்டு, கொஞ்சம் தண்ணீர் பிடிக்கும். அவற்றைச் சுத்தப் பூஜ்யமாக எடுத்தால் எதிர்ப்பக்கம் பிழை வரும்.

திருத்தக் கற்றதும் எல்லாவற்றையும் திருத்துவது

மேலே உள்ளதைச் சொல்லிக்கொடுத்த மறுநாளே இது நடக்கும். களிமண் சதவீதம், கார அமில நிலை, அயனிப் பரிமாற்றத் திறன் (சத்துகளைப் பிடித்துவைக்கும் திறன்) எல்லாமே நுண்மண்ணுக்கான அளவுகள். அவற்றில் கல்லைக் கழிக்கக் கூடாது. மேலடுக்கில் 20 சதவீதம் களி, கீழடுக்கில் 24 என்றால் 1.2 மடங்கு. களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு என்று சொல்வதற்குத் தேவையான ஏற்றம் அது. கீழே 40 சதவீதம் கல் என்று கழித்தால் 24 என்பது 14.4 ஆகி, களி குறைந்ததுபோல் தெரியும். களி சேர்ந்த கீழடுக்கு உள்ள ஆல்ஃபிசால் என்ற பெரும்பிரிவில் நிற்க வேண்டிய மண் தடம் மாறிப்போகும்.

ஆற்றோரம் என்றால் வண்டல் என்று முடிவுகட்டுவது

தாழ்ந்த படியில் சரி. அங்கே வெள்ளம் போட்ட அடுக்குகள் இன்னும் கலையாமல் தெரியும், கரிமம் ஆழத்தோடு ஒரே சீராகக் குறையாமல் ஏறி இறங்கும். உயர்ந்த படி வேறு உலகம். நெடுங்கால மழையில் இரும்பு சிவந்து, களி கீழே இறங்கியிருக்கும். அப்படி இறங்கிய களிப்பூச்சை மண்கட்டியின் முகத்தில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று எழுதுகிறார்கள். சரளை மண்ணில் கட்டியே சரியாக உருவாகாது. கல்லைப் பெயர்த்து அது இருந்த பள்ளத்தையும் கல்லின் தோலையும் லென்ஸில் பாருங்கள். பூச்சு அங்கேதான் ஒட்டியிருக்கும்.

‘சரளைதானே, தண்ணீர் வடிந்துவிடும்’

கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில், உயர்ந்த படிமேடுகளில் ‘ரெடிங்’ என்றொரு மண் வரிசை இருக்கிறது. மேலே சரளை கலந்த செம்மண், அதன் கீழே கெட்டிக் களி, அதற்கும் கீழே சிலிக்காவால் இறுகிய தட்டு. குளிர்கால மழையில் அந்த மேட்டின் பள்ளங்களில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும். மேல் ஒரு சாணைப் பார்த்துவிட்டு வடிகால் நன்று என்று எழுதுபவர்களுக்கு அதைத்தான் காட்டுவேன்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. நுண்மண்ணுக்குக் கீழே சுத்தமான கூழாங்கல் அடுக்கு இருந்தால் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும் என்று நினைப்போம். மேலடுக்கு கிட்டத்தட்ட நிறையும் வரை அது இறங்காது. நுண்துளைகள் பிடித்து வைத்திருக்கும் நீரைப் பெரிய துளைகளால் இழுக்க முடியாது.

இடித்துச் சலிப்பது

கையில் நசுங்கும் கட்டியை மரக்கட்டையால் உடைக்கலாம். செம்பூரான்கல்லையும் கெட்டிச் சுக்கான்கல்லையும் (சுண்ணாம்புக் கட்டி) உலக்கை போட்டு இடித்து, நுண்மண் கூடிவிட்டது என்று மகிழக் கூடாது.

கையில் கிடைத்த கல்லை எறிவது

இந்த ஆற்றுப்படுகையில் மட்டுமாவது வேண்டாம். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 இல் பார்த்த பழைய கற்கால இடமான அத்திரம்பாக்கம் இங்கேதான் இருக்கிறது. அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் வயது சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்று 2011 இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவையும் குவார்ட்சைட்தான். இரண்டு பக்கமும் செதுக்கிய கல் சல்லடையில் நின்றால், இடத்தைக் குறித்துவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

75 மி.மீ.க்கு மேற்பட்ட கல்

அது சரளை அல்ல. தனிப் பத்தியில் எழுதுங்கள்.